சவரிமுத்து அண்ணாச்சியின் குரல் பூட் ஆகவில்லை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா வந்து கதவைத் தட்டினார். கையில் கரண்டி. கரண்டியிலிருந்து மீன்குழம்பு என் வாசல்படியில் சொட்டுகிறது.

“டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அவியளுக்குப் பேச்சு வரல.”

நான் சைவம். வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சொட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்க மாட்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குழம்பு மறந்துபோனது. கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

நீங்கள் பயப்பட வேண்டாம். சவரிமுத்து அண்ணாச்சிக்குப் பேச்சு போய் இது இரண்டாவது வருடம். தொண்டையில் புற்றுநோய். மதுரையில் ஆபரேஷன். உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரல்வளையை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் அண்ணாச்சிக்காகப் பேசுவது, முன்னறைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான். ‘பேச்சு வரல’ என்று அக்கா சொன்னது அந்தக் கம்ப்யூட்டரை.

அண்ணாச்சி துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கப்பலின் மேல்தளத்தில் நின்று ‘ஆரியா... ஆரியா...’ என்று இவர் குரல் கொடுத்தால், கிரேன்காரர் சுமையை இறக்குவார். கப்பல் சத்தம், லாரி சத்தம், கடல்காற்று — அத்தனையையும் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய குரல். ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் குறைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. அவர் அங்கே சாயா கேட்டால், இங்கே நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் பேருக்குத்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். குரல் இருக்கும்போதே வீட்டில் அன்றாடம் பேசுகிற பேச்சைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு உதவும் என்று. மகன் ஜெரோம் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். லீவில் வந்தவன், டச் ஸ்கிரீன் உள்ள பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். பார்க்க டிவி மாதிரி இருக்கும். பெட்டி தனியாகக் கிடையாது, எல்லாம் ஸ்கிரீனுக்குப் பின்னாலேயே அடக்கம். ‘இதை போனிலேயே செய்யலாமே’ என்று நான் கேட்டேன். அண்ணாச்சி தன் விரல்களை விரித்துக் காட்டினார். சின்ன வயதில் மூட்டை தூக்கி, கயிறு இழுத்துப் பருத்துப்போன விரல்கள். போனில் ஒரு கட்டத்தைத் தொட்டால் நாலு கட்டம் சேர்ந்து அமுங்கும்.

ஜெரோம் ஸ்கிரீன் நிறையக் கட்டங்கள் போட்டுக் கொடுத்தான். கட்டத்துக்கு ஒரு படம். டம்ளரைத் தொட்டால் “தண்ணி கொண்டா” என்று அண்ணாச்சியின் சொந்தக் குரல் பேசும். வாசல் படத்தைத் தொட்டால் “யாரோ வந்திருக்காங்க, பாரு.” பதிவு நடந்த நாட்களில் நானும் கூடவே இருந்தேன். எழுதுகிறவள் அல்லவா... கொஞ்சம் கனமான வாக்கியங்களும் இருக்கட்டுமே என்று, அன்பு, நன்றி, வாழ்க்கை என்றெல்லாம் வருகிற மாதிரி எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது யாரு பேசுத பேச்சு டீச்சர்? நான் என்ன நாடகமா போடுதேன்? வீட்டுல பேசுததப் பதிஞ்சாப் போதும்.”

இப்படி அவர் என்னைக் கேலி செய்தது பதிவாகவில்லை. பதிந்து வைத்திருக்கலாமே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டரில் சின்ன விளக்கு எரிகிறது. உள்ளே ஃபேன் லேசாகச் சுற்றுகிறது. ஸ்கிரீன் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அண்ணாச்சி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். ‘பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்டேட் கேட்டது. சரி என்று தொட்டேன். இப்போது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.’

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நாம் என்ன செய்கிறோம்? எதையோ கேட்கிறது, ‘சரி’ என்று தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். என்ன கேட்டது என்று இதுவரைக்கும் நான் படித்ததில்லை. நீங்கள் படித்திருந்தால் உங்களைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் யாருக்குக் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் அல்ல — என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதால். வாராவாரம் பத்திரிகைக்கு இந்தப் பக்கத்தை ஒற்றை விரலில் தட்டி அனுப்புகிறேன், அவ்வளவுதான் என் ஞானம். ஆனாலும் ‘டீச்சர் வந்துட்டாவ’ என்று இரண்டு பேர் முகத்தில் வெளிச்சம் வரும்போது, எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். பட்டனை விரல் வலிக்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்தேன். வேறு பிளக் பாயின்டில் மாட்டினேன். துணியை எடுத்து முதுகைத் துடைத்துவிட்டேன். கடைசியில் காய்ச்சல் வந்த பிள்ளையைத் தடவிக் கொடுப்பது போல அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டைக் கேள். கடைசியில் ஒரு பெண் இனிமையாக வந்தாள்.

“மேடம், ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க.”

பார்த்தாயிற்று என்றேன்.

“இன்னொரு டைம் பண்ணிப் பாருங்க மேடம்.”

உலகத்தில் எந்த மெஷின் கெட்டாலும் இவர்கள் கையில் இருப்பது இந்த ஒரு மருந்துதான் போல. எரிச்சலை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை செய்தேன். பிறகு அவள் யாரையோ கேட்டுவிட்டு வந்து சொன்னாள். போர்டை மாற்றிவிடலாம். புதுசு போல ஆகிவிடும்.

“உள்ள பதிஞ்சு வச்சிருக்கிறது?”

“டேட்டா போயிடும் மேடம். இந்த மாடல்ல டிஸ்க் போர்டோடயே ஒட்டியிருக்கும், தனியா எடுக்க முடியாது. பேக்கப் எடுத்து வச்சிருப்பீங்கல்ல?”

பேக்கப். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். ஜெரோம் எடுத்து வைத்திருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் நடுக்கடலில் இருந்தான். செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் கப்பலுக்கு சிக்னல் கிடைத்த நேரத்தில் பதில் வந்தது. ‘டீச்சர், நீங்க ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.’



அண்ணாச்சி தைரியமாகத்தான் இருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார். சிலேட்டில் எழுதுவார். கை தட்டிக் கூப்பிடுவார். கஷ்டம் அக்காவுக்குத்தான். அண்ணாச்சி முன்னறையில், அக்கா அடுப்படியில். சிலேட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடுப்படியில் இருந்து தெரியுமா? கை தட்டுகிற சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று ரேடியோவை நிறுத்தினார். மிக்ஸி போடப் பயந்து, இரண்டு நாள் துவையலே அரைக்கவில்லை. வியாழக்கிழமை நான் போனபோது குழம்பு அடியில் பிடித்திருந்தது. வாசம் தெரு வரைக்கும் வந்தது.

“என்னக்கா, அடுப்பப் பாக்கலையா?”

“எங்க பாக்க? ஒரு நிமிஷத்துக்கு ஒரு மட்டம் வந்து வந்து அவிய மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன் டீச்சர். முன்னால அங்கன இருந்து ஏதாவது ஒண்ணு சொல்லிக்கிட்டே கெடப்பாவ. மெசின் பேசினாலும் அவிய சத்தம்தான? ஆளு இருக்காவன்னு காதுக்குத் தெரியும். இப்பம் வீட்டுல ஆளு இருக்கா, இல்லையான்னே தெரிய மாட்டேங்கு.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அது போச்சுன்னா... மறுக்கப் பதிய முடியாதுல்லா டீச்சர்?”

கேட்டுவிட்டு அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அடுத்த வீட்டுக்காரருடைய குரல்தான். ஆனால் அந்தக் குரலுக்குச் சாயா போட்டுப் பழகிய வீடு என் வீடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமுவேல் வந்தார். டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். குடும்பத்தில் எல்லோரும் வாத்தியார்கள் என்று கேள்வி. இவர் மட்டும் தொழில் மாறிவிட்டாரே தவிர, ரத்தம் மாறவில்லை. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, பையைத் திறக்காமல், கம்ப்யூட்டரைத் தொடாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

“செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு? வரிசையாச் சொல்லுங்க. ஒண்ணையும் விடக் கூடாது.”

அண்ணாச்சி எழுதிக் காட்டினார். சாமுவேல் தலையை ஆட்டினார்.

“சார் சரி குடுத்தது சாதாரண அப்டேட் இல்ல. ஃபர்ம்வேர் அப்டேட். கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கிறதுக்கு முன்னால, அதைத் தட்டி எழுப்புற ஒரு சின்ன புரோகிராம் உள்ள சிப்புல இருக்கு. அதை அழிச்சிட்டுப் புதுசா எழுதுற வேலை அது. இப்பம் ரெண்டு விதமா இருக்கலாம். எழுதி முடிச்ச பெறகு போர்டே செத்துப் போயிருக்கலாம். அப்படின்னா என் கையில ஒண்ணும் இல்ல, போர்டை மாத்தணும். இல்லன்னா, எழுதிக்கிட்டு இருக்கிறப்ப பாதியில கரண்ட் நின்னிருக்கலாம். அப்படின்னா சிப்பு அரைகுறையா நிக்குது. பென்டிரைவ்ல சரியான ஃபைலைப் போட்டு மறுபடி எழுத வைக்கலாம். எதுன்னு தெரியாம நான் கையை வச்சா, உள்ளதும் போயிரும். அன்னைக்குக் கரண்ட் போச்சா?”

போகவில்லை. அது எனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும் என் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்படின்னா யாராவது ஸ்விட்சை ஆஃப் பண்ணீங்களா?”

“இல்லையே,” என்றார் புஷ்பம் அக்கா உடனே.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அந்த அப்டேட் ஓடுறப்ப ஸ்கிரீன் இருட்டா இருக்கும். உள்ள ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுத்தும். பயங்கரமா சத்தம் போடும். அந்தச் சத்தம் யாருக்குமே ஞாபகம் இல்லையா?”

அக்காவின் முகம் அப்படியே மாறிப்போனதை நான் பார்த்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் மணி அடிக்கும். திரிகால மணி. அது கேட்டதும் தெருவில் உள்ள கத்தோலிக்க வீடுகளில் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று செபம் சொல்வார்கள். அந்த நேரத்தில் சத்தம் போடுகிற எதுவும் ஓடக் கூடாது. டிவி, மிக்ஸி, கிரைண்டர்... புஷ்பம் அக்காவின் கை தானாகப் போய் ஒவ்வொன்றாக அணைக்கும். செபம் முடிந்ததும் தானாகப் போய் ஒவ்வொன்றாகப் போடும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர்கூட அந்த மணிக்கு வாயை மூடிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். காலையில் இருந்து எத்தனை தடவை கண்ணை இமைத்தாய் என்று யாராவது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியுமா? அக்கா ‘இல்லையே’ என்று சொன்னது பொய் கிடையாது. அது அவருக்கு நினைவில் நிற்கிற காரியமே இல்லை.

இப்போது நினைவு வந்துவிட்டது. மத்தியான மணி. உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். அணைந்த ஸ்விட்ச். எல்லாம் சேர்ந்து அந்த முகத்தில் வந்து நிற்கிறது. கணவனுக்கு மிச்சமிருந்த குரலைத் தன் கையாலேயே அணைத்துவிட்டோம் என்பதை, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் எப்படிச் சொல்வது?

படார் என்று ஒரு சத்தம். அண்ணாச்சி மேசையில் அடித்திருந்தார். எல்லோரும் திரும்பினோம். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு கட்டை விரலால் ஸ்விட்சை அமுக்குவது போலக் காட்டினார். மறுபடியும் தன் நெஞ்சு.

“நீங்களா சார்?”

ஆமாம் என்று தலையாட்டினார்.

“என்ன சார் நீங்க! சரி கேக்கிறப்பவே இங்கிலீஷ்ல கொட்டை எழுத்துல போட்டிருப்பானே, அணைக்காதீங்கன்னு? படிச்சுப் பாக்க வேண்டாமா? இத்தனை வயசுக்கு இந்த அவசரம் ஆகுமா?”

சாமுவேல் அதோடு விடவில்லை. வகுப்பே எடுத்தார். கப்பல் கப்பலாக ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனிதர், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் போலத் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

அந்த வீட்டு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நானே தரையில் மண்டியிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், தரையை ஒட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணாச்சியால் குனிய முடியாது. குனிந்தால் இருமல் பிடுங்கி எடுத்துவிடும். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியைக்கூட அக்காதான் எடுத்துக் கொடுப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. சாமுவேலுக்குத் தேவையான உண்மை கிடைத்துவிட்டது. அது யாருடைய கை என்பது கம்ப்யூட்டருக்கு எதற்கு?

கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு, வீட்டில் ஒன்று உடைந்தால் ‘நான் இல்லை’ என்று முந்திக்கொள்ளத்தான் நமக்கெல்லாம் வருகிறது. செய்யாததற்கு ‘நான்தான்’ என்று முந்துவதற்குத் தனி மனசு வேண்டும். அதுவும் பேச வாயில்லாத ஒருவர் முந்திவிட்டார், பாருங்கள்.

சாமுவேல் தன் லேப்டாப்பில் ஃபைலை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, செருகினார். ஏதோ சில கீகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஃபைலின் பெயரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு பையைக் கிண்டி, பழைய பென்டிரைவ் ஒன்றை எடுத்தார். இது சில நேரம் புதுசை மதிக்காது என்றார். இந்தத் தடவை பட்டனை அமுக்கியதும் விளக்கு கண் சிமிட்டியது. பிறகு ஃபேன் உறுமத் தொடங்கியது. மிளகாய் வற்றலை மிக்ஸியில் போட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

“பிடிச்சிருச்சு! யாரும் எதையும் தொடாதீங்க,” என்றார் சாமுவேல். அவர் குரலில் இருந்த வாத்தியார் முதல் தடவையாக எங்கேயோ போயிருந்தார்.

ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கிறது. ஃபேன் உறுமுகிறது. அண்ணாச்சி கைகளைக் கோத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது மணி அடித்தது. சாயங்காலத் திரிகால மணி.

அக்கா எழுந்தார். எழுந்த வேகத்தில் நேராக ஃபிரிட்ஜ் பக்கம் நடந்தார். சாமுவேல் பாதி எழுந்துவிட்டார். அக்கா ஸ்விட்சுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை உடம்பால் அடைத்துக்கொண்டு, யாராவது வந்துதான் பாருங்களேன் என்பது மாதிரி நின்றார். கையைக் குவித்துக் கண்ணை மூடினார்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். மாதா மணிக்குச் செபம் சொல்கிற வழக்கம் அவர் சபையில் இல்லை என்றாலும் சாமுவேலும் எழுந்து தலை குனிந்தார். தாமிரபரணிக் கரையில், பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த நானும் எழுந்து நின்றேன். எனக்கு அந்தச் செபம் தெரியாது. எந்தத் தெய்வம் முதலில் கேட்கும் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த பெயரை நான் சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டில் முதல் தடவையாக, இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் திரிகால செபம் நடந்தது. அக்காவின் உதடு அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை.

செபம் முடிந்தும் ஃபேன் நிற்கவில்லை. யாரும் உட்காரவும் இல்லை.

திடீரென்று சத்தம் அடங்கியது. பிறகு ஸ்கிரீனில் கம்பெனியின் படம் வந்தது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் கட்டங்கள் வந்தன. டம்ளர், வாசல், ஃபேன், மாத்திரை டப்பா, எல்லாம் அதனதன் இடத்தில்.

அண்ணாச்சி கப் படத்தைத் தொட்டார்.

“சாயா கொண்டா.”

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். சாயா போடத்தான் ஓடினார் என்று வைத்துக்கொள்வோம்.

சாமுவேல் சாயாவைக் குடித்துவிட்டு, பதிவுகளை எல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றி அக்காவிடம் கொடுத்தார். என் கம்ப்யூட்டருக்கும் ஒரு காப்பி. ஜெரோமுக்கும் அனுப்பினார். “காப்பி எடுக்காம இருக்கிறது படிச்சவங்க செய்ற காரியமா மேடம்?” என்று போகிறபோது எனக்கும் ஒரு குட்டு வைத்தார். அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணாச்சி அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பாவம், சாமுவேலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அக்கா வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து அண்ணாச்சியின் முன்னால் நின்றார்.

“நீங்க எதுக்கு ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டிய? நான்லா அணைச்சேன்?”

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அக்கா என்னிடம் திரும்பினார். “மேசையத் தட்டுனாவ டீச்சர். அன்னைக்கு மணி அடிக்கையில படபடன்னு தட்டுனாவ. செபத்தத் தொடங்கச் சொல்லுதாவன்னு நெனச்சு நான் கண்ண மூடிக்கிட்டேன். அணைக்காதளான்னுல்லா தட்டியிருக்காவ... சத்தம் போட முடியாம. இன்னைக்கு அந்தத் தம்பி என்னைய ஒரு வார்த்த சொல்லிரக் கூடாதுன்னு, அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு ஒக்காந்திருக்காவ. எனக்கு மனசு கேக்குமா? நீங்களாவது என்னைய ஏசியிருக்கலாம்லா? ஒரு வார்த்த ஏசக் கூடாதா?”

கடைசிக் கேள்வி அண்ணாச்சிக்கு. அவர் சிலேட்டை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஸ்கிரீனில் கட்டங்களை விரலால் மெதுவாக மேலே தள்ளினார். கடைசி வரிசையில், ஓரத்தில், பால் பாத்திரம் போட்ட ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அண்ணாச்சி மைக்கை மறந்து அடுப்படியைப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினார். நான் அழிக்கப் போனேன். அது இருக்கட்டும் என்று தடுத்துவிட்டார். பேச்சு போன பிறகு அந்தக் கட்டத்தை அவர் தொட்டு நான் கேட்டதே இல்லை.

இப்போது தொட்டார்.

“ஏளா புஷ்பம்! புத்திய எங்கன வச்சிருக்க? ஒனக்கு எத்தன மட்டம் சொல்லுதது!”

கப்பல் மேல்தளத்துக் குரல். என் வீட்டு அடுப்படி வரைக்கும் நிச்சயம் கேட்டிருக்கும்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு நாற்காலியை இழுத்து அண்ணாச்சிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு மட்டம் ஏசுங்க.”

ஏசினார்.